செருமும் பிள்ளைக்குப் பிரம்பு எதற்கு?

பத்து வயதுப் பிள்ளை ஒன்று வகுப்பில் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறது. நடுநடுவே கண்கள் படபடவென்று சிமிட்டுகின்றன. தோள் ஒருமுறை குலுங்கி அடங்குகிறது. "நிறுத்து" என்கிறார் ஆசிரியர். பிள்ளை அரை நிமிடம் நிறுத்துகிறது. பிறகு முன்னையைவிடப் பலமாகச் செருமுகிறது. நிறுத்தத் தெரிந்த பிள்ளை வேண்டுமென்றே தொடர்கிறது என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுகிறார். பிழை அந்த இடத்தில் தொடங்குகிறது.

பாடசாலைகளில் பிரம்பைச் சட்டத்தால் ஒழிப்பதா என்ற விவாதம் இலங்கையில் மறுபடி மறுபடி சூடு பிடிக்கிறது. ஒழுக்கம் கெட்டுப்போகும் என்பது ஒரு தரப்பு. அடித்து வருவதற்குப் பெயர் ஒழுக்கமா என்பது மறு தரப்பு. எந்த ஒழுக்கத்தையும் மீறாமலே தண்டனை வாங்கும் பிள்ளைகளைப் பற்றி இரு தரப்புமே பேசுவதில்லை. விருப்பமில்லாமலே உடல் துடிக்கும், குரல் எழும் பிள்ளைகள் அவர்கள்.

வீட்டில் பெயரில்லாத கோளாறு

இந்தத் துடிப்பை வைத்தியர்கள் 'டிக்' என்கிறார்கள். திடீரென்று, சட்டென்று, தாளமில்லாமல், திரும்பத் திரும்ப வருவது இதன் அடையாளம். கண் சிமிட்டல், மூக்குச் சுளிப்பு, கழுத்து வெட்டு, தோள் குலுக்கல் ஆகியவை அசைவு வகை. செருமல், மூக்கை உறிஞ்சல், முனகல், ஒரு சொல்லையே திரும்பச் சொல்லல் ஆகியவை குரல் வகை.

சிறு வயதில் சில மாதங்கள் வந்து தானாகப் போய்விடும் டிக் மிகச் சாதாரணம். பல அசைவுகளும் ஒரு குரல் டிக்காவதும் 18 வயதுக்கு முன் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் வந்துபோய்க்கொண்டிருந்தால் அதற்கு டூரெட் நோய்க்குறி என்று பெயர். ஒன்பது நோயாளிகளைப் பற்றி 1885-இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜோர்ஜ் ஜில் த லா டூரெட்டின் பெயர் அது. பாடசாலைப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு மூவர் முதல் எட்டுப் பேர் வரை இது காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். ஆயிரம் பேர் படிக்கும் பாடசாலை எதுவானாலும், அது திருகோணமலை நகரிலோ கிண்ணியாவிலோ கந்தளாயிலோ இருக்கட்டும், அங்கே இப்படிச் சிலர் இருப்பார்கள் என்றே கொள்ள வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், வீட்டுத் தமிழில் இதற்கு ஒரு பெயர் இல்லை. வலிப்பு என்றால் அது வேறு நோய். பெயரில்லாததற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள்: சேட்டை, கெட்ட பழக்கம், கண்ணூறு, பயந்த கோளாறு. ஒவ்வொரு பெயரும் தன் வைத்தியத்தையும் கூடவே கொண்டுவருகிறது. சேட்டைக்கு அடி. கண்ணூறுக்குப் பார்வை பார்த்து நூல். மூதூர், கிண்ணியாப் பக்கம் ஓதிய தண்ணீர்.

நூல் கட்டியதும் டிக் குறைந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இதன் இயல்பே ஏறி இறங்குவது. சில வாரம் உச்சத்தில் நிற்கும், பிறகு தானாகத் தணியும், இன்னொரு வடிவத்தில் திரும்பி வரும். உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பம் யாரையாவது தேடிப் போகிறது. எனவே கடைசியாக நூல் கட்டியவருக்குப் புகழ் சேர்கிறது. நூலால் தீங்கில்லை. அதை நம்பி இரண்டு மூன்று வருடம் கடந்துவிடுவதால்தான் தீங்கு.

படித்தவர்கள் வேறு திசையில் அலைகிறார்கள். கண் சிமிட்டினால் கண் கிளினிக், செருமினால் காது மூக்குத் தொண்டை, உறிஞ்சினால் ஒவ்வாமை மருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பூச்சி மருந்து. ஒவ்வொரு வைத்தியரும் தமக்குரிய உறுப்பைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்புகிறார். ஒன்றுமில்லை என்று வைத்தியரே சொல்லிவிட்ட பிறகு வீட்டில் அடி இரட்டிப்பாகிறது.

ஈயும் தேசிய கீதமும்

காலைக் கூட்டம். தேசிய கீதம் ஒலிக்கிறது. அசையாமல் நிற்கும் மாணவனின் மூக்கில் ஓர் ஈ வந்து உட்காருகிறது. சில கணம் பொறுக்கலாம். பொறுக்கப் பொறுக்கக் குறுகுறுப்பு கூடும். கீதத்தின் சொற்கள் காதில் விழாது. மனம் முழுவதும் மூக்கு நுனியில் நிற்கும். கடைசியில் கை தானாக எழும்.

டிக் உள்ள பிள்ளைக்கு அந்த ஈ நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறது. டிக் வருவதற்கு முன் தொண்டையிலோ கழுத்திலோ ஓர் இறுக்கம், அரிப்புப் போன்ற உந்துதல் எழும். செய்து முடித்தால்தான் அடங்கும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தெரியாது. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் பலர் தெளிவாகவே சொல்வார்கள். அதைக் கேட்கப் பெரியவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் 'நிறுத்து' என்றதும் பிள்ளையால் அரை நிமிடம் நிறுத்த முடிகிறது. அந்த அரை நிமிடத்தில் அது சொல்வதெழுதலைக் கேட்கவில்லை, கணக்கைப் பார்க்கவில்லை. முழுக் கவனத்தையும் செருமலை அடக்கவே செலவழிக்கிறது. அமைதியான பிள்ளை கிடைத்துவிட்டது என்று ஆசிரியர் நினைக்கலாம். பாடம் போய்விட்டது.

இன்னொரு விளைவு மாலையில் தெரியும். பகல் முழுதும் அடக்கி வைத்தது புத்தகப் பையைக் கழற்றிப் போட்டதும் கொட்டத் தொடங்கும். தாய் பாடசாலைக்குப் போய்ச் சொன்னால் "இங்கே அப்படி ஒன்றும் இல்லையே" என்பார் வகுப்பாசிரியர். வீட்டில் நடிக்கிறான், அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு திரும்பும். உண்மையில் வீடு பிள்ளைக்குப் பயமில்லாத இடமாக இருக்கிறது என்பதற்கு அது சான்று.

மூளையின் ஆழத்தில், தேவையான அசைவை விட்டுத் தேவையற்றதைத் தடுத்து நிறுத்தும் சுற்றுகள் இருக்கின்றன. அந்தத் தடுப்பு தளர்வதால் டிக் வருகிறது என்பது இன்றைய விளக்கம். பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. விசாரித்தால் தகப்பனோ மாமனோ சிறு வயதில் கண் சிமிட்டியவராக இருப்பார். வளர்ப்புக் குறை இதற்குக் காரணமல்ல. போரையும் கடற்கோளையும் கண்ட திருகோணமலை மாவட்டத்தில் எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் பயம், பதற்றம், களைப்பு, ஏன், பெருநாள் மகிழ்ச்சியும்கூட, இருக்கிற டிக்கைக் கூட்டுகின்றனவே தவிர, அவை மூலகாரணம் அல்ல.

புலமைப்பரிசிலும் உச்ச வயதும்

டிக் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் தொடங்குகிறது. பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பதின்ம வயதில் கணிசமாகக் குறைகிறது. சிலருக்கு மறைந்தே போகிறது. ஒரு சிறு பங்கினருக்கு முதிர்ந்த வயதிலும் நீடிக்கிறது.

இலங்கையில் பத்து வயது என்றால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. உடல் தன் மிக மோசமான கட்டத்தில் இருக்கும் அதே ஆண்டில், காலை ரியூசன், மாலை ரியூசன், சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள் என்று குடும்பமும் பாடசாலையும் சேர்ந்து பிள்ளையை முறுக்குகின்றன. நித்திரை குறைகிறது, டிக் கூடுகிறது, கண்டிப்பு கூடுகிறது, கண்டிப்பால் டிக் மேலும் கூடுகிறது. டிக் உள்ள பிள்ளையின் வீட்டில் அந்த ஓராண்டுக்கு ரியூசனைப் பாதியாக்குவது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாது. அதுவும் வைத்தியம்தான்.

புள்ளி குறைவதற்கு டிக் மட்டும் காரணமாக இருப்பதும் அரிது. டூரெட் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேறொன்றும் கூட இருக்கிறது: கவனக்குறைவும் துருதுருப்பும், அல்லது ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி. ஓர் எழுத்தைச் சரியாக வரும்வரை அழித்தழித்துக் கொப்பியைக் கிழித்துவிடும் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. செருமலைவிட இவைதான் படிப்பைக் கெடுப்பவை, இவற்றுக்குத் தனி வைத்தியமும் உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற டிக்கை மட்டும் துரத்தும் பெரியவர்கள் இவற்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

வைத்தியசாலைக்குப் போகும் வழி

புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். சிறுவர் உளநல நிபுணர்கள் நாட்டிலேயே மிகச் சிலர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் வெளிநாடு போனதில் இருந்த வரிசைகளும் நீண்டுவிட்டன. எனவே கிடைக்கும் ஒரு சந்திப்பைப் பயனுள்ளதாக்குவது முக்கியம். குழந்தை நல வைத்தியரோ மனநலப் பிரிவோ போதும். எடுத்ததும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

கையில் ஒரு காணொளி இருக்கட்டும். வைத்தியர் முன் உட்கார்ந்ததும் பிள்ளை பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். பத்து நிமிடச் சந்திப்பில் ஒரு சிமிட்டல்கூட வராமல் போகலாம். வீட்டில் இரண்டு நிமிடம் கைத்தொலைபேசியில் எடுத்தது அந்தக் குறையைத் தீர்க்கும். இந்த மாவட்டத்தில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. தமிழ் பேசும் தாய்க்கும் சிங்களம் பேசும் வைத்தியருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் காணொளி தானே பேசிவிடும்.

எல்லாத் துடிப்பும் டிக் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நினைவு தப்பினால், விழுந்தால், கூப்பிட்டும் பதில் இல்லாமல் வெறித்தால் அது வலிப்பாக இருக்கலாம். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து சில வாரம், சில மாதம் கழித்து கை கால்கள் ஒழுங்கில்லாமல் நெளிந்து, கையெழுத்துக் கோணி, கையில் பிடித்தது நழுவி விழுந்தால் அது வாதக் காய்ச்சலின் விளைவாக இருக்கலாம். இதயத்தையும் சோதிக்க வேண்டும். பதின்ம வயதில், பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு, ஒரே நாளில் பெரிய அளவில் திடீரென்று வெடிக்கும் துடிப்பு வேறு வகை. கொரோனா முடக்கக் காலத்தில் பல நாடுகளில் அது அதிகம் காணப்பட்டது. அதற்கான சிகிச்சையும் வேறு.

லேசான டிக்குக்கு மருந்தே தேவையில்லை. இது என்ன, எப்படிப் போகும் என்று குடும்பத்துக்கு விளக்கினாலே பாதிச் சுமை இறங்கும். கழுத்து வலிக்கும் அளவுக்கு, படிப்பும் நட்பும் கெடும் அளவுக்குப் போனால் முதலில் செய்ய வேண்டியது நடத்தைப் பயிற்சி. உந்துதல் எழுவதைப் பிள்ளை கண்டுகொள்ளப் பழகுகிறது. எழுந்ததும் டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத இன்னோர் அசைவைச் செய்கிறது. செருமல் வரப்போனால் வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து விடுவது. தோள் குலுங்கப்போனால் முழங்கைகளை விலாவோடு அழுத்திப் பிடிப்பது. கழுத்து வெட்டப்போனால் நாடியைச் சற்றே தாழ்த்திக் கழுத்தை இறுக்கி வைப்பது. உந்துதல் தணியும்வரை, ஒரு நிமிடம் அளவில். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், பத்து வாரம் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. திருகோணமலைக்கு இன்னும் பொருத்தமானது 2021-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு. 224 பிள்ளைகளிடம் நடந்த அதில் உந்துதலைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி இணையம் வழியாகவே கொடுக்கப்பட்டது, பெற்றோரும் துணை நின்றார்கள். அதுவும் பலன் தந்தது. நிபுணர் ஊருக்கு வர முடியாவிட்டாலும் பயிற்சி வரலாம்.

மருந்து தேவைப்படுபவர்களுக்குக் குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் முதலியவை உண்டு. டிக்கை அவை குறைக்கும், அடியோடு போக்காது. தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுதல் போன்ற பக்க விளைவுகளைக் கவனிக்க வேண்டும். குறைந்துவிட்டது என்று தாமாகவே திடீரென நிறுத்துவது ஆபத்து. குளோனிடினைச் சட்டென்று விட்டால் இரத்த அழுத்தம் எகிறும்.

வகுப்பறையில்

பாடசாலை செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. முதலாவது, டிக்கைக் கண்டும் காணாததுபோல இருப்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அது கூடும். இரண்டாவது, இடம். முன் வரிசையில் உட்கார்த்தினால் முப்பது சோடிக் கண்கள் முதுகில் இருக்கும். ஓரமாக, கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. தாங்க முடியாதபோது தண்ணீர் குடிக்கப் போவதுபோல ஐந்து நிமிடம் வெளியே போய்வரக் கேள்வி கேட்காத அனுமதி வேண்டும். தமிழ்ப் பாடத்தை எல்லார் முன்னும் சத்தமாக வாசிக்கவைக்காமல் தனியே கேட்கலாம்.

சக மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லதா? பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால் நல்லது. ஒரு சிலருக்கு மூக்குக் கண்ணாடி தேவைப்படுவதுபோல இவனுக்கு இது, தொற்றாது, அவன் வேண்டுமென்று செய்வதில்லை என்று வகுப்பாசிரியர் இரண்டு நிமிடம் பேசினால் பட்டப்பெயர் பெரும்பாலும் நின்றுவிடும். மதரஸாவிலும் அறநெறி வகுப்பிலும் தேவாலயத்திலும் இதே இரண்டு நிமிடம் தேவை. அமைதி எதிர்பார்க்கப்படும் இடங்களில்தான் செருமல் பெரிதாகக் கேட்கும்.

பதின்ம வயதுப் பையனுக்கு ஒற்றைக் கண் சிமிட்டினால் வரும் சிக்கலை ஊரில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் ஒரு பெண் பிள்ளைக்கு எதிரே அப்படி நடந்தால் விசாரணை அங்கேயே முடிந்து தீர்ப்பும் கையால் வழங்கப்பட்டுவிடும். நடத்துநருக்கும் ரியூசன் ஆசிரியருக்கும் அயலவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது வெட்கப்பட வேண்டியதல்ல.

படங்களில் டூரெட் என்றாலே தூஷணம் பேசும் நோய். அப்படித் தகாத சொல் வாயில் வருவது பத்தில் ஒருவருக்கு, சற்றே கூடுதலாக இருக்கலாம், மற்றவர்களுக்கு இல்லை. ராணி முகர்ஜி ஆசிரியையாக நடித்த 'ஹிச்கி' என்ற 2018 இந்திப் படம் விதிவிலக்கு. அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் வாழ்க்கையைத் தழுவியது அது. டூரெட்டோடு வளர்ந்த டிம் ஹவர்ட் அமெரிக்காவின் கோல் காப்பாளராக 2014 உலகக் கிண்ணத்தில் பெல்ஜியத்தின் பந்துகளைத் தடுத்த ஆட்டத்தைக் காற்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சனுக்கும் டூரெட் இருந்திருக்க வேண்டும் என்பது பிற்கால மருத்துவர்கள் கருத்து. 1735-இல் சோலிஹல் ஊர்ப் பாடசாலை அவரை ஆசிரியராகச் சேர்க்க மறுத்தது. அவர் முகத்தைக் கோணுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் பழகிவிடுவார்கள் என்ற அச்சம். இருபது ஆண்டுக்குப் பின் அவருடைய அகராதி வெளிவந்தது. அதே அச்சத்தை இன்றும் பெற்றோர் கூட்டங்களில் கேட்கலாம்.

இனி ஆக வேண்டியவை

கல்வி அமைச்சின் 2005-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. ஆசிரியர் அடித்ததில் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமையை மீறுவதென்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. காகிதத்தில் தடை இருக்கிறது. ஆனால் டிக் என்றால் என்னவென்று தெரியாத ஆசிரியர் பிரம்பை வைத்துவிட்டு முழங்காலில் நிறுத்துவார், அல்லது வகுப்புக்கு வெளியே விடுவார். மாவட்டத்தின் ஐந்து வலயக் கல்வி அலுவலகங்களும் ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களிடமிருந்து தொடங்கலாம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கிறது. தரம் 4 என்பது உச்ச வயதுக்குச் சற்று முந்திய ஆண்டு. எடை, கண், பல் பார்க்கும் அந்த நாளில் வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: சொல்லியும் நிறுத்தாமல் சிமிட்டுகிற, செருமுகிற பிள்ளை உண்டா? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

பெற்றோர், பிள்ளை பாடசாலையிலிருந்து வந்ததும் அரை மணித்தியாலம் ஒன்றும் கேட்காமல் விடட்டும். வீட்டுப்பாடம் அதன் பிறகு. அடி, மிரட்டல் நடந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி எண். மனச்சோர்வோ பதற்றமோ மிகுந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இரண்டுக்கும் தமிழில் பேசலாம்.

புலமைப்பரிசில் பரீட்சையின் இரண்டு வினாத்தாள்களும் சேர்ந்து இரண்டேகால் மணித்தியாலம். நூறு பிள்ளைகள் மௌனமாக எழுதும் மண்டபத்தில் செருமலை அடக்கிக்கொண்டு எழுதும் பிள்ளை எழுதுவதில் பாதியை இழக்கும். அடக்காவிட்டால் அடுத்த மேசைப் பிள்ளையும் இழக்கும். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குச் சலுகை வழங்கும் நடைமுறை பரீட்சைத் திணைக்களத்தில் உண்டு. வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே கேட்க வேண்டும். பரீட்சை அன்று காலையில் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஆகப்போவது எதுவுமில்லை. கேட்க வேண்டியதும் பெரிதல்ல: தனியாக ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கதிரை, கொஞ்சம் மேலதிக நேரம்.